நாக்குப் படம்

“சாமி, அந்தப் போன் எல்லாத்தையும் திரும்ப வாங்கிருங்க. வகுப்புக்குள்ள அது வேண்டவே வேண்டாம்.”

ஆவுடையப்பன் சார் வந்ததும் வராததுமாக இதைச் சொன்னார். செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியிலும் ஒன்று மண்ணிலுமாகக் கிடந்தது.

சாமி நார்த்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“உக்காருங்க சார்,” என்றார். உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

அந்த ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாமியிடம் கேள்வி கேட்க வருகிறவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்க முடியாது. சாமி அந்த நேரத்தில் என்ன வேலை செய்கிறாரோ அதில் பாதியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வாயைத் திறக்க வேண்டும். போன மாதம் வந்த வக்கீல் ஒருவர் ஆத்மாவைப் பற்றிக் கேட்டபடியே ஒரு மூட்டைத் தேங்காயை உரித்துவிட்டுப் போனார். பதில் கிடைத்ததோ இல்லையோ, தேங்காய் உரிந்தது.

சாமி காயைச் சுருள் சுருளாக நறுக்கிக் கொடுத்தார். சார் அந்தச் சுருளுக்குள் கல் உப்பை அடைத்தார்.

ஆசிரமம் மலையடிவாரத்தில் இருந்தது. பக்கத்திலேயே அதன் பள்ளிக்கூடம். ஆவுடையப்பன் அங்கே அறிவியல் வாத்தியார். தலை நரைத்ததும் அங்கேதான். சாமி அவரைவிட இளையவர். அதோடு போனால் பரவாயில்லை, அவரிடமே எட்டாம் வகுப்பு படித்தவர்.

பழைய சாமி சமாதியானதும் பொறுப்பு இவரிடம் வந்தது. முதல் நாள் ஆவுடையப்பன் போய்க் காலில் விழுந்தார். சாமி பதறிப்போய், “சார், எந்திரிங்க சார்,” என்றார். அன்றிலிருந்து இவர் அவரைச் சாமி என்பார், அவர் இவரைச் சார் என்பார். யாருக்கு யார் வாத்தியார் என்று ஊருக்குத்தான் குழப்பம். அவர்களுக்கு இல்லை.

போன்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்ததும் சாமிதான். பழைய மாணவர்கள் கொடுத்தவை, பெஞ்சுக்கு ஒன்று. பாடம் நடக்கும்போது பிள்ளைகள் அதில் தேடிப் பார்க்கலாம், படம் பார்க்கலாம், சந்தேகம் தீர்த்துக்கொள்ளலாம். மற்ற நேரம் அலமாரிக்குள் இருக்கும்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்கிற பழமொழி சாருக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவரே ஆண்டி என்பதால் விழுங்கிக்கொண்டார்.

“பிள்ளைக போனை வச்சு விளையாடுதா சார்?”

“விளையாண்டாக்கூடப் பரவாயில்ல சாமி.”

“பின்னே?”

“படிக்குதுக.”

சாமி சிரிக்கவில்லை. அடுத்த காயை எடுத்தார்.

“நான் பேசும்போது என் முகத்தைப் பாக்க மாட்டேங்குதுக. நான் ஒண்ணு சொன்னா, அது என்ன சொல்லுதுன்னு உடனே பாக்குதுக. எனக்கு மேல ஒரு இன்ஸ்பெக்டரை உக்கார வச்ச மாதிரி இருக்கு.”

“என்ன நடந்துச்சு?”

நடந்தது இதுதான்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் ஐம்புலன்கள் பாடம். ஆவுடையப்பன் சார் கரும்பலகையில் நாக்குப் படம் வரைந்தார். அந்தப் படத்துக்கு அவர் பேர்போனவர். நுனியில் இனிப்பு, அதை ஒட்டி இரண்டு ஓரத்திலும் உப்பு, அதற்குப் பின்னால் புளிப்பு, அடிநாக்கில் கசப்பு. கலர் சாக்பீஸில் நான்கு வண்ணம். ஊரில் எந்த வீட்டில் தேடினாலும் அந்தப் படம் உள்ள பழைய நோட்டு ஒன்றாவது அகப்படும்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து நின்றாள். இசக்கிப்பிரியா என்று பேர்.

“சார், இந்தப் படம் தப்புன்னு இதுல போட்டிருக்கு சார். எல்லாச் சுவையும் எல்லா இடத்துலயும் தெரியுமாம்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றாள்.

சார் போன்களை எல்லாம் பிடுங்கி அலமாரியில் போட்டுப் பூட்டினார். அவளை வெளியே நிறுத்தினார்.

இவ்வளவையும் அவர் சாமியிடம் சொன்னார். உப்பு அடைக்கிற கை நிற்கவில்லை.

“அந்தப் பிள்ளை இன்னைக்கு வந்தாளா?” என்று கேட்டார் சாமி.

“இல்ல.”

“நேத்து?”

“அன்னையில இருந்தே வரல.”

“எங்க இருக்கா?”

சார் ஒரு சுருளை இறுக்கி மூடினார். மூடியதையே மறுபடி மூடினார்.

“அவ அம்மாகூட பீடி சுத்த உக்காந்துட்டாளாம்.”

“நீங்க வேற ஏதாவது சொன்னீங்களா சார்?”

“சொன்னேன்.” குரல் இறங்கிவிட்டது. “உனக்குப் போன்தான் வாத்தியார்னா இங்க எதுக்கு வாற, வீட்லயே இருந்து படிச்சுக்கோன்னு சொன்னேன்.”

அந்த ஊரில் பீடித் தட்டை மடியில் வாங்கிய பிள்ளை அதை இறக்கி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் திரும்புவது அபூர்வம். சாருக்கு இது தெரியும். எத்தனையோ பிள்ளைகளை அப்படிப் பறிகொடுத்தவர். ஆனால் அந்தத் தட்டுகளில் எதையும் அவரே தூக்கிக் கொடுத்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. அதனால்தான் வந்ததிலிருந்து போனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்.

சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து உப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

“எல்லாப் போனும் உள்ள இருக்கு. சாவி உங்ககிட்டயே இருக்கட்டும் சாமி.”

சாமி கையை நீட்டினார். சாவியைத் தொடவில்லை. கிண்ணத்திலிருந்து ஓர் உப்புக்கல்லை எடுத்தார்.

“நாக்கை நீட்டுங்க சார்.”

“எதுக்கு சாமி?”

சாமி உப்புக்கல்லை இன்னும் கிட்டே கொண்டுவந்தார்.

குரு சொன்னால் மறுப்பேது. ஆவுடையப்பன் நாக்கை நீட்டினார். சாமி உப்புக்கல்லை நுனியில் வைத்தார்.

“என்ன தெரியுது?”

நாக்கை நீட்டியபடி யாரும் பேச முடியாது. சார் உள்ளே இழுத்துக்கொண்டு, “உப்பு,” என்றார். உடனே, “அது கரைஞ்சு ஓரத்துக்குப் போயிருக்கும் சாமி,” என்றார்.

“இன்னொண்ணு வைங்க,” என்றார் சாமி.

சார் துண்டால் நாக்கைத் துடைத்தார். இன்னொரு கல்லைத் தானே எடுத்து நுனியில் வைத்தார். இந்தமுறை தலையைக் கவிழ்த்து, எச்சில் பின்னால் போகாதபடி பார்த்துக்கொண்டார். அது முன்னால் போய்ச் சட்டையில் சொட்டியது. ஊரே மரியாதை வைத்திருக்கிற வாத்தியார் அம்மன் கோயில் காளி மாதிரி நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்ததை, நல்லவேளை, வேறு யாரும் பார்க்கவில்லை.

நுனியில் கரித்தது. நன்றாகவே கரித்தது. அவர் படத்தில் அது இனிப்பின் இடம். உப்புக்கு அங்கே வர உரிமையே இல்லை. ஆனால் உப்பு பாடப்புத்தகம் படித்ததில்லை.

இன்னொன்று வைத்துப் பார்த்தார். பிறகு நடு நாக்கில் ஒன்று. பிறகு அடிநாக்கில் ஒன்றை வைத்து இருமினார்.

சாமி செம்பில் தண்ணீர் கொடுத்தார்.

குடித்து முடித்ததும் சாருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாததால் கூடுதலாகவே வந்தது.

“அப்போ போன் சொன்னதுதான் சரி. நான் முட்டாள். அதானே சாமி?”

“அந்தப் பிள்ளை உப்பை வச்சுப் பாத்தாளா?”

“இல்லையே. போன்ல வாசிச்சா.”

“நீங்க?”

“புத்தகத்துல வாசிச்சேன்.”

சாமி கத்தியைத் துடைத்தார்.

“நான் நீங்க போர்டுல வரைஞ்சதைப் பாத்து வரைஞ்சேன். பத்துக்குப் பத்து போட்டீங்க. நன்றுன்னு வேற எழுதினீங்க.”

ஆவுடையப்பனுக்கு வெட்கமாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், அழுகை வந்தது. கை முழுக்க உப்பு என்பதால் கண்ணைத் துடைக்கவும் வழியில்லாமல் போயிற்று.

“போனை வைக்கட்டுமா, எடுக்கட்டுமா? ஒரு வார்த்தை சொல்லிருங்க சாமி. நான் அப்படியே செய்யுதேன்.”

“காய் முடிஞ்சிருச்சு சார்,” என்று சாமி எழுந்தார். ஜாடியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

சாவி வைத்த இடத்திலேயே கிடந்தது. சார் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

*

இசக்கிப்பிரியாவின் வீட்டு வாசலில் வேப்பமர நிழல். தாயும் மகளும் அதில் உட்கார்ந்திருந்தார்கள். தாய் பேச்சியம்மாள் பீடி சுற்றினாள். மகள் இலை வெட்டினாள்.

சாரைப் பார்த்ததும் இருவரும் எழுந்தார்கள். மகளின் மடியிலிருந்து இலைத் துண்டுகள் உதிர்ந்தன.

“வாங்க சார். இருங்க,” என்று பேச்சியம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். “உங்களை எதுத்துப் பேசினாளாமே. கேட்டதுல இருந்து எனக்கு மானம் போச்சு. நாலு சாத்து சாத்திட்டேன். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்கிடாதீங்க.”

“அடிச்சீங்களா?”

“பின்னே? வாத்தியாரை எதுத்துப் பேசினா கொஞ்சுவாங்களா?”

சாருக்கு அந்த அடி தன் முதுகில் விழுந்த மாதிரி இருந்தது. ஆசிரமத்திலிருந்து வருகிற வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். 

“அவ எதுத்துப் பேசலம்மா,” என்றார் கடைசியில். “அவ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பா வரைஞ்சேன்.”

பேச்சியம்மாள் தலையை ஆட்டினாள்.

“நீங்க பெரிய மனசு. பிள்ளையை விட்டுக் குடுக்காம பேசுதீங்க.”

“இல்லம்மா, உண்மையாவே…”

“எனக்குத் தெரியாதா சார்? எங்க அண்ணனுக்கும் நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க.”

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த ஆனை சறுக்கி விழுந்து, விழுந்துவிட்டேன் என்று சொல்லியும், அந்தம்மாள் நம்புவதாக இல்லை.

“ஏளா, சார்கிட்ட மன்னிப்புக் கேளு.”

இசக்கிப்பிரியா முன்னால் வந்தாள். தரையைப் பார்த்தபடி பேசினாள்.

“மன்னிச்சிருங்க சார். இனிமே போனைத் தொட மாட்டேன். கேள்வியும் கேக்க மாட்டேன்.”

“கேட்டீங்களா சார்?” பேச்சியம்மாளுக்கு நிம்மதி. “இனிமே வாயே திறக்க மாட்டா. நாளைக்கே அனுப்பிவைக்கேன்.”

எந்தக் காரியத்துக்கு வந்தாரோ அந்தக் காரியம் முடிந்தது. பிள்ளை திரும்ப வரப்போகிறாள். சார் “சரிம்மா” என்று சொல்லிவிட்டு எழுந்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனார்.

அங்கே நின்றார்.

கேள்வியும் கேக்க மாட்டேன். அவள் அதை அழாமல் சொன்னாள். அதுதான் அவரை மேலே நடக்க விடவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். அவளோ முடிவு செய்தவள் மாதிரி சொன்னாள். இத்தனை வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் இதை வாயால் சொல்லாமலே முடிவு செய்தார்களோ என்று நினைத்தார்.

சைக்கிளைத் திருப்பினார்.

“பிரியா.”

அவள் மறுபடி இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

“கேக்காம இருக்கதா இருந்தா நீ வர வேண்டாம்.”

பேச்சியம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. “என்ன சார் இப்படிச் சொல்லுதீங்க?”

“கேக்கதா இருந்தா வா,” என்றார் சார். அதற்குமேல் அங்கே நிற்க அவருக்குத் தைரியம் இல்லை. வராமலே போய்விட்டால் அதுவும் தன் வாயால்தான் என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனார்.

*

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் அலமாரியைத் திறந்தார். பெஞ்சுக்கு ஒன்றாகப் போன்களை வைத்தார். மேசைமேல் நான்கு கிண்ணங்கள் வைத்தார். வெல்லக் கரைசல், உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பாகற்காய் இடித்த சாறு. பக்கத்தில் ஒரு கொத்துத் துடைப்பக்குச்சி, கழுவி நறுக்கியது.

மூன்றாவது பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது. மணி அடித்தது. அந்த இடம் அப்படியே இருந்தது. வருகைப் பதிவு எடுக்கும்போது சார் அந்தப் பெயரில் கொஞ்சம் நின்றார்.

“வந்துட்டேன் சார்,” என்று வாசலில் குரல் கேட்டது.

ஓடி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது. சார் முகத்தைக் கரும்பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டு, “உக்காரு,” என்றார்.

நாக்குப் படத்தை மறுபடி வரைந்தார். இந்தமுறை வண்ணம் இல்லை, பெயர்கள் இல்லை. வெறும் நாக்கு.

“இதுல என்ன எழுதணும்னு எனக்குத் தெரியாது. எல்லாரும் நாக்கை நீட்டுங்க.”

பிள்ளைகளுக்கு இதைவிடக் கொண்டாட்டம் வேறென்ன வேண்டும். வாத்தியாரே நாக்கை நீட்டச் சொல்கிறார். குச்சியில் தோய்த்து வைத்துப் பார்த்தார்கள், வாய் கொப்பளித்தார்கள், மறுபடி வைத்தார்கள்.

“சார், எனக்கு நுனியிலயே கசக்குது.”

“எனக்கு அடியிலதான் சார் ரொம்பக் கசக்குது.”

“பொய் சொல்லுதான் சார் இவன்.”

“நாக்கு அவனுது,” என்றார் சார். “அவன் சொல்லட்டும்.”

கடைசி பெஞ்சில் ஒருவன் போனைப் பார்த்துவிட்டு எழுந்தான். “சார், அஞ்சாவதா ஒரு சுவை இருக்காம் சார். உமாமின்னு போட்டிருக்கு.”

போன வாரம் என்றால் அவன் கதை வேறு. சார் அவன் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

“எங்க, காட்டு.”

“தக்காளியில இருக்குமாம், காளான்ல இருக்குமாம்.”

“அப்படியா. நாளைக்குத் தக்காளி கொண்டாங்க. நல்லாப் பழுத்ததா.”

வகுப்பே பேசியது. இசக்கிப்பிரியா மட்டும் பேசவில்லை. குச்சியை நுனியில் வைத்தாள், ஓரத்தில் வைத்தாள், வாய் கொப்பளித்தாள். பெஞ்சில் கிடந்த போனைத் தொடவில்லை. கையை மடிக்குள் வைத்துக்கொண்டாள்.

பிள்ளை வந்துவிட்டாள். கேள்வி வரவில்லை. சாருக்கு அந்த மௌனம் முள்ளாய்க் குத்தியது. கேளு என்று சொல்லவும் முடியாது. கட்டாயப்படுத்தி வாங்குகிற கேள்வி பரீட்சைத் தாளில் வருகிற கேள்வி.

அவர் கிண்ணங்களை ஒதுக்க ஆரம்பித்தார். மெதுவாகவே ஒதுக்கினார்.

“சார்.”

திரும்பினார்.

“ஒண்ணு கேக்கட்டுமா?”

“கேளு.”

அவள் எழுந்து நின்றாள். பக்கத்தில் இருந்த பெண்ணை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“நெல்லிக்காய் தின்னுட்டுத் தண்ணி குடிச்சா இனிக்குதே சார். இனிப்பு நாக்குல இருக்கா, தண்ணியில இருக்கா?”

சார் வாயைத் திறந்தார். இத்தனை வருஷப் பழக்கம். ‘அது அப்படித்தான், உக்காரு’ என்கிற பதில் தயாராக வந்து நின்றது. அவர் வாயை மூடிக்கொண்டார். கொஞ்சம் யோசித்தார். நாக்கும் அல்ல, தண்ணீரும் அல்ல, காயாக இருக்குமோ என்றுகூட யோசித்தார்.

“தெரியல,” என்றார்.

வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. அந்த ஒரு சொல்லை அந்த வாயிலிருந்து அவர்கள் கேட்டதில்லை. அவளும் அவரையே பார்த்தாள், ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று.

சார் அவள் பெஞ்சுக்கு வந்தார். அங்கே கிடந்த போனைத் தானே எடுத்து அவளிடம் நீட்டினார்.

“இதுக்குத் தெரியுதான்னு பாரு.”

அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினாள். தட்ட ஆரம்பித்தாள். பாதியில் விரல் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு நெல்லிமரம், காய் காய்த்துக் கிளை தாழ்ந்திருந்தது.

போனைப் பெஞ்சிலேயே வைத்தாள்.

“இருங்க சார். இதுகிட்டக் கேக்கதுக்கு முந்தி ரெண்டு காய் பறிச்சிட்டு வந்துருதேன்.”

அனுமதிக்குக் காத்திருக்கவில்லை. வாசல் வரைக்கும் போனவள் அங்கே நின்று திரும்பினாள்.

“உங்களுக்கும் சேத்துப் பறிக்கவா சார்?”

“பறி,” என்றார் ஆவுடையப்பன். “தண்ணி நான் கொண்டு வாறேன்.”